மூன்றரைக் கோடு

சீலோவே தீவின் மேற்குக் கரை. நவம்பர்.
மழைக்கு இங்கே மாதம் கிடையாது.

தெப்பூக் காட்டுக்குள்
எதெல்வினா சிகுவாய் தரையில் நடப்பதில்லை.
சாய்ந்து, படுத்து, மறுபடி எழுந்து
ஒன்றையொன்று பின்னிக்கிடக்கும் அடிமரங்கள் மேல்
கைகளையும் கால்களாக்கிப் போகிறாள்.
கீழே கறுத்த நீர். அதன் ஆழத்தை
போன வருடம் அவளுடைய இடது பூட்ஸ் அளக்கப் போனது,
திரும்பவில்லை.

ஐந்து நாள் பள்ளிக்கூடச் சமையல்கட்டு.
சனிக்கிழமை இது. சம்பளம் இல்லை,
கழுத்தில் ஒரு பென்சில் உண்டு.

சில்கோப் புதர் சிவப்பாகத் தொங்குகிறது.
எண்ண வேண்டாம், எல்லா ஓடையிலும் இருப்பது.
நல்கா இலைக்கடியில் ஓர் ஆள் ஒதுங்கலாம்;
ஒதுங்கினாள், ரொட்டி தின்றாள்.
கனேலோ பட்டையை நகத்தால் கீறி முகர்ந்தாள்.
மிளகுக் காரம்.
வேலையில் சேராது, பழக்கம்.

எண்ண வேண்டியது பலோமித்தா:
மூன்று இலை, ஒரு காம்பு, ஒரு வெள்ளைப் பூ.
குட்டிப் புறா என்று பெயர் வைத்துவிட்டார்கள்,
இனி எவரும் அதனிடம் சத்தமின்றித்தான் குனிய வேண்டும்.

கயிறு கட்டிய சதுரம் வந்தது.
பாசி இல்லை.
யாரோ வழித்து மூட்டை கட்டியிருக்கிறார்கள்.
யாரோ என்ன, ரோசமெல் குவெந்தியோதான்.
அவன் கவைக்கோலுக்கு நான்கு பல், ஒன்று மொண்ணை;
சேற்றில் மூன்றரைக் கோடு.

வாயில் வந்ததையெல்லாம் மரங்களுக்குச் சொன்னாள்.
மரங்கள் கேட்டுக்கொண்டன.

பிறகுதான் பார்த்தாள்:
உரித்த கறுப்பில் அங்கங்கே
உள்ளங்கை அகலப் பச்சைத் திட்டு,
ஒவ்வொன்றின் நடுவிலும் மூன்று இலை.
அவசரத்தில் சுற்றி விட்டது,
வட்டம்கூட ஒழுங்கில்லை.
ஒரு திட்டில் பலோமித்தாவே இல்லை,
மூன்றாகப் பிரிந்த பெரணிக் குருத்து.
அதையும் விட்டிருக்கிறான்,
இதுவாகவும் இருக்கலாம் என்று.

பதினொன்று. போன வருடம் பத்தொன்பது.

படிவத்தில் இரண்டே கட்டம்: பூத்தது, பூக்காதது.
கடைசிச் செடி
முகையைத் தாண்டிவிட்டது, மலருக்கு வரவில்லை.
போது.
அவளுக்கு அந்தச் சொல் தெரியாது.
பென்சிலை நடுக்கோட்டின் மேல் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.
மரங்களுக்கு அப்பால் கடல்,
யாரோ மேசையை இழுப்பதுபோல.

'சேதம்: யாரால்?' என்றும் ஒரு கட்டம்.
'நான்கு பல், ஒன்று' வரை எழுதி
கட்டைவிரலால் தேய்த்தாள்.
திங்கட்கிழமை அவன் மகள் தட்டு நீட்டுவாள்.
சூப் ஊற்றும்போது கேட்க வேண்டும்,
உன் அப்பாவுக்குக் கண் எப்படி,
பெரணியை எதற்கு விட்டாராம் என்று.