குடலிறக்கம்: பாகம் இரண்டு

பீரோவின் இரண்டு கதவையும் திறந்து
மெத்தையைச் சாத்தி
நடுவில் நின்று பேசுகிறேன்.
புதுவண்ணாரப்பேட்டையில் சத்தம் நுழையாத இடம்
என் புடவைகளின் நடுவில்தான்.

பித்தப்பைக் கல், மூலம், கண்புரை,
கர்ப்பப்பை நீக்கம்.
நிமிடத்துக்கு நாற்பது ரூபாய்.
"அன்பான நோயாளிகளே" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.
"அன்பானவர்களே" போதும் என்று
சண்டை போட்டு மாற்றினேன்.

படத்தில் வருகிறவனுக்கு முகம் கிடையாது.
மயிரில்லாத, வழவழத்த,
சோப்புக் கட்டி மாதிரி ஓர் உடம்பு.
பீடி வாசமில்லை, கைமாத்துக் கடனில்லை.
கத்தி பட்டால் ரத்தம் வராது,
ஜன்னல் திரையாய்த் தோல் விலகும்.
அவனுக்காகத்தான்
நாக்கிலிருந்த "கீது"வையும் "இன்னா"வையும்
துடைத்துவிட்டு
"லேசான அசௌகரியம்" என்று சொல்லப் பழகினேன்.

"மூன்று மாதங்களுக்குக்
கனமான பொருட்களைத் தூக்க வேண்டாம்."
இந்த வரி மட்டும் ஒன்பது முறை கெட்டது.
"தூக்க" என்று வாய் திறக்கும்போதெல்லாம்
எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் ஹாரன் அடிக்கும்.
பத்தாவது முறை பதிந்தபோது
விடியற்காலை நாலு மணி.

கீழ்வீட்டு எத்திராஜுக்கு
ஸ்டான்லி வார்டில் நர்ஸ் ஒருத்தி
போனை நீட்டிக் காட்டியிருக்கிறாள்.
தையலோடு மாடியேறி வந்தான்,
படிக்கொரு மூச்சாக.
"அதுல பேசறது நீதான?
வவுத்துல வலை வெப்பாங்கன்னியே,
இன்னா கண்ணு வலைன்னு கேட்டேன்,
டாக்டர் சிரிச்சிட்டாரு."
மெஷ் என்றிருந்ததை
வலை என்று மாற்றியது நான்தான்,
காசிமேட்டை நினைக்காமலே.

அவன் வந்தது வேறொன்றுக்கு.
திங்கட்கிழமை ஐஸ் பார் ஏற்றப் போகாவிட்டால்
வேறு ஆள் என்கிறாராம் மேஸ்திரி.
சீட்டைக் காட்டினால்
"இங்கிலீஷ்ல கீது, நான் எப்டி நம்பறது?"
"அதனால நீ
அந்தக் கொரல்ல, அதே மாதிரி,
அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லேன்."

போட்டேன்.
"அன்பானவர்களே" தவிர மற்றதெல்லாம் அப்படியே சொன்னேன்,
ஏற்ற இறக்கம் பிசகாமல், பாதி தூரம்.
"ரெக்கார்டிங்குடா, லோன் வேணுமான்றாங்க"
என்று யாரிடமோ சொல்லி
வைத்துவிட்டார்.

எத்திராஜ் என் முகத்தைப் பார்த்தான்.
அவன் பார்த்ததுதான் கோபமாகிவிட்டது எனக்கு.
மறுபடி அழுத்தினேன்.

"யோவ் கன்னியப்பா, போனை வெச்சே பாரு!
நானு எத்திராஜு மாடி வூட்டுக்காரி.
அவன் அடிவவுறு கிய்ஞ்சி
உள்ள ஒட்டு போட்டுத் தெச்சிருக்காங்க.
புதுசா ஒட்டுன வலைய அன்னிக்கே
கடல்ல எறக்குவியா நீ?
நூலு புடிக்கத் தாவல? மூணு மாசம்யா.
கணக்கு எழுத வெய்யி, தராசாண்ட ஒக்கார வெய்யி,
தூக்க மட்டும் வுடாத."

அந்தப் பக்கம்
ஐஸ் உடைக்கிற மெஷின் மட்டும் ஓடியது.
வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.
பிறகு குரல் வந்தது, தாழ்ந்து,
ஆட்களை விட்டுத் தள்ளி வந்து பேசுகிற குரல்.
"எனுக்கும் அங்க ஒண்ணு கீதும்மா.
இருமுனா வெளிய வருது,
படுத்தா உள்ள பூடுது.
நாலு வருசமா ஊட்ல கூட சொல்லல.
இதானா அது?"

"தராசாண்ட" என்று ஆரம்பித்ததற்கு
அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.
ஆனாலும் பாகம் ஒன்றிலிருந்து தொடங்கினேன்,
படமில்லாமல், அறிகுறிகள்.

பேச்சு நீளும் என்று தெரிந்து
உட்கார இடம் பண்ணிக்கொள்ள
வாசலில் நிறைந்திருந்த குடத்தின் கழுத்தைப்
பிடித்தான் எத்திராஜ்.
"வெய்யி கீழ!" என்று கத்தினேன்.
வீட்டில் அவனும்
காசிமேட்டில் கன்னியப்பனும்
ஒரே சமயத்தில்
எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.