ஏழாம் எண் அறையின் கோட்டு

ஐம்பத்தெட்டில் ஆறு பேர்
செவ்வாய்ப்பேட்டையில் கடன் சொல்லித் தைத்த கோட்டு.
அதுதான் எங்கள் சங்கம்.
அளவு கொடுத்தவன் அர்த்தநாரி, நெட்டையன்;
மற்ற ஐவருக்கும் விரல்நுனி வரை மூடும்.

இன்டர்வியூவுக்குப் போகிறவன் போட்டுக்கொள்வான்.
திரும்பியதும் மினிட்ஸ் நோட்டில் எழுதுவான்:
"ரயில்வே. கிடைக்கவில்லை. ஒரு பொத்தான் போயிற்று."

அறுபத்தொன்று, ஆடி. புதிதாய்ச் சேர்ந்த மாதேசன்
முதல்முறை போட்டுப்போன வாரத்தில் ஒரு தீர்மானம்:
இனி துவைத்தபின்தான் அடுத்தவருக்கு.
முன்மொழிந்தவர் பெயர்மேல் மை கொட்டியிருக்கிறது.
எதிர்த்தவர் இல்லை.
மாதேசன் கையெழுத்தும் இல்லை.

அடுத்த பக்கம், காதர் உசேனின் கோணல் எழுத்து:
"மாதேசன் கழற்றியதும் வாங்கிப் போட்டேன்.
சூடு இருந்தது.
ஏற்காட்டில் நல்ல குளிர், உதவிற்று.
எஸ்டேட் கிளார்க். கிடைத்தது."

தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவில்லை.
கோட்டை யாரும் துவைக்கவுமில்லை.

நான் பதினேழாவது செயலாளர்.
வெள்ளிவிழா மலருக்கு வரலாறு கேட்கிறார்கள்,
இரண்டு பக்கம், நல்லவிதமாக.
விழாத் தலைமை அர்த்தநாரி ஐயா.

கோட்டில் அந்துருண்டை வாசனை மட்டும்.
மை கொட்டிய தாளை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன்.
முதலெழுத்து
அகரம் போலிருக்கிறது.