உங்க சம்மர்ல ராத்திரி ஜாஸ்தி

அக்கா வந்திறங்கியது ஆனி மாதக் கடைசியில்.
அயர்லாந்தில் அதுதான் கோடை.
இங்கே கோடை முடிந்து ஒரு மாதம் ஆச்சு என்றேன்.
மீனம்பாக்கம் வாசலில் சட்டையைக் கழுத்திலிருந்து பிரித்துப் பிடித்தபடி
அவள் வீட்டுக்காரர் என்னை நம்பாமல் பார்த்தார்.

பதினோரு வருஷமாக லிமரிக்கில் நர்ஸ்.
மகள் பெயர் நீவ்.
எழுதுவது ஒரு மாதிரி, கூப்பிடுவது ஒரு மாதிரியாம்.
எக்மோர் என்று எழுதி எழும்பூர் என்று இறங்குகிற ஊர் இது,
எங்களுக்கா சொல்லித் தரணும்.

ஊர்சுற்றக் கிளம்பும் ஒவ்வொரு காலையும்
மஞ்சள் மழைக்கோட்டை மடித்துப் பையில் வைப்பாள் நீவ்.
அங்கே அது இல்லாமல் பீச்சுக்கே போகமாட்டார்களாம்.
என் பையன் ஆன்ட்டோ விழுந்து விழுந்து சிரித்தான்.
அவள் வைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

வண்டலூருக்குப் போன அன்று செவ்வாய்க்கிழமை.
பூட்டிய கேட்டுக்கு எதிரே, வேனின் நிழலில்
மெர்சிலின் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோறு, ஆம்லெட்.
உள்ளே ஏதோ கத்தியது.
சிங்கம் என்றேன்.
மயில் என்றாள் நீவ், வாயில் சோற்றோடு.

மாமல்லபுரத்தில் டிக்கெட் கவுன்ட்டரில்
'எல்லாம் இந்தியாதான்' என்று பணத்தை நீட்டினேன்.
சற்றுப் பொறு என்றாள் அக்கா.
கைப்பையிலிருந்து அவள் எடுத்தது நீலம் இல்லை.
போன வருஷமே மாறியாச்சாம்.
அதே கல்லைப் பார்க்க
எனக்கு ஒரு விலை, அவளுக்கு ஒரு விலை.
வெண்ணெய் உருண்டைப் பாறையின் கீழே ஆளாளுக்கு நின்று
தாங்கிப் பிடிப்பதுபோல் படம் எடுத்துக்கொண்டோம்.
அப்பா மட்டும் கையைத் தூக்கவில்லை.

மதியம் கடலோரக் கடையில் சங்கரா மீன்.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
ஒரு துண்டை எடுத்து முள்ளெல்லாம் நீக்கி
என் தட்டில் வைத்தாள்.
எனக்கு வயது முப்பத்தொன்பது.

வீட்டில் இருந்தது ஆறு எவர்சில்வர் தட்டு, நாங்கள் ஏழு பேர்.
இரண்டு வாரமும் குண்டான் மூடியில்தான் சாப்பிட்டேன்.
தட்டு வாங்கு வாங்கு என்றாள் மெர்சிலின்.
வாங்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆறரைக்கு இருட்டியதும் நீவுக்குக் கோபம் வரும்.
அவள் ஊரில் பத்து மணிக்கும் வெளிச்சமாம்,
சாப்பிட்டு முடித்த பிறகும் ஆற்றங்கரைக்குப் போய் வரலாமாம்,
திரையை இழுத்துவிட்டுத்தான் தூங்க வேண்டுமாம்.
'மாமா, உங்க சம்மர்ல ராத்திரி ஜாஸ்தி' என்றாள்,
நான் ஏதோ கஞ்சத்தனம் பண்ணியதுபோல.

கடைசி ஞாயிறு. மொட்டை மாடியில் பிரியாணி.
பாயை விரித்து, எலும்பு போட ஒரு பேசின் வைத்து,
மூடியைத் திறந்த நிமிஷம்
பெரம்பூர் முழுக்கக் கரண்ட் போனது. அப்புறம் மழை.
ஆளுக்கொரு மூலையைப் பிடித்துப் பாயோடு ஓடினோம்.
மஞ்சள் கோட்டு முதல்முறையாகப் பிரிந்து
தேக்சாவைப் போர்த்திக்கொண்டது.
நீவ் மட்டும் நடு மாடியில் கையை விரித்து நின்றாள்.
'மழை சூடா இருக்கு! அம்மா, மழை சூடா இருக்கு!'
அக்கா அவளை உள்ளே கூப்பிடவில்லை.
தானும் போய் நின்றாள்.

போய் ஒன்பது நாளாகிறது.
மூடி குண்டானுக்கே திரும்பிவிட்டது.
கோட்டைக் கொடியில் மறந்துவிட்டுப் போயிருக்கிறாள்,
பட்டை கிராம்பு வாசனை இன்னும் விடவில்லை.

நேற்று கரண்ட் போய் விழித்தேன். மணி இரண்டரை.
நாலரை மணி நேரத்தை விரல்விட்டுக் கழித்தேன்.
அங்கே இப்போதுதான் தட்டுக் கழுவிக்கொண்டிருப்பார்கள்,
ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெயில் வைத்துக்கொண்டு.