எட்டு சென்டிமீட்டர்

ஐந்தாக இருந்ததை எட்டாக்கினார்கள்.
ஐந்து சென்டிமீட்டர் பனி விழுந்தால்
வண்டி எடுக்கலாம் என்பது பழைய ஒப்பந்தம்.
இனி எட்டு.
ஹியெதவாரா நகராட்சி, நவம்பர் கூட்டம்,
தீர்மானம் நாற்பத்தொன்று.

நானும் மன்ற உறுப்பினன்தான்.
ஆனால் பனி தள்ளும் வண்டி என்னுடையது.
தன் பிழைப்பைப் பற்றிய பேச்சில்
தான் உட்காரக் கூடாது என்பது சட்டம்.
எழுந்து வெளியே போனேன்.
நடைக்கூடத்தில் காப்பி இயந்திரம் இல்லை.
போன வருடத் தீர்மானம் அதைத் தூக்கிப் போயிருந்தது;
சுவரில் அது நின்ற சதுரம் மட்டும் வெளுப்பாக.

கதவு மெல்லிய கதவு.
நிதி பார்க்கும் ஹில்லெவியின் குரல் கேட்டது:
"ஆற்றிலே போட்டாலும் அளந்துதான் போட வேண்டும்.
பள்ளிக்கூடத்தில் கை வைக்காமல்
வேறு எதில் வைக்கலாம், சொல்லுங்கள்."
யாரும் சொல்லவில்லை.
அந்த மௌனத்தை என் கணக்கில் எழுதினார்கள்.

திரும்ப உள்ளே கூப்பிட்டபோது
அடுத்த பொருள் ஓடிக்கொண்டிருந்தது:
நான்கு நகராட்சிகள் சேர்ந்து ஒரு தொழில் மனை.
சுவோரந்தா எல்லையில், சதுப்பை நிரவி.
தலைக்கு நாற்பதாயிரம் யூரோ.
பேட்டரிக்கு மூலப்பொருள் செய்யும் ஒரு நிறுவனம்
வரலாம், வரக்கூடும், வந்தால்.
அதற்குப் பெயர்கூட இல்லை;
காகிதத்தில் "முதலீட்டாளர் அ".

கை தூக்கினேன்.
ஔலுவில் வாடகை அறையில் இருக்கும் என் மகன் யால்மரி
ஞாயிறுதோறும் கேட்பது ஒன்றுதான்:
ஆள் எடுக்கிறார்களா?

ஒன்பதாம் ஷரத்தை யாரும் வாசித்துக் காட்டவில்லை.
மனைக்குப் போகும் சாலை எந்நேரமும் திறந்திருக்க வேண்டும்.
அங்கே அளவு இரண்டு சென்டிமீட்டர்.
பிறகு ஏலம் விட்டார்கள். எனக்கே வந்தது.
கை தூக்கும்போது யாரும்
என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

ஜனவரி. விடியற்காலை நான்கு மணி.
தெருவிளக்குகளை ஆறு மணிக்குத்தான் போடுவார்கள்,
அதுவும் ஒன்று விட்டு ஒன்று.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மர அளவுகோலை முற்றத்தில் ஊன்றினேன்.
ஏழரை.
கிணற்றடிக்குப் பக்கத்தில் ஏழு.
வேலியோரம் எட்டு இருந்தது.
காற்று குவித்தது கணக்கில் சேராது.

ஹில்லெவியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.
அவள் வாசலிலும் ஒரு அளவுகோல் இருக்கும் போல.
"ஏழரை" என்றேன்.
கொஞ்ச நேரம் அவள் மூச்சு மட்டும்.
"ஏழரை எட்டு இல்லை" என்றாள்.
வைத்துவிட்டாள்.

இரண்டு சென்டிமீட்டர் சாலைக்குக் கிளம்பினேன்.
தகட்டைத் தூக்கிவைத்தே ஊரைக் கடந்தேன்.
ரௌஹா தன் வாசலில் மண்வெட்டியோடு நின்றிருந்தாள்,
எட்டு மணிக்கு மருத்துவமனை வேலை அவளுக்கு.
தனக்காகத்தான் வருகிறேன் என்று நினைத்துக் கை காட்டினாள்.
நானும் கை காட்டினேன்.
தகடு இறங்கவில்லை.

ஆறு கிலோமீட்டர் தாண்டிப் பெயர்ப்பலகை.
அங்கே இறக்கினேன்.
இரும்பு தாரை உரச, பனி
பாதியில் மடித்த துணி போல ஓரம் சாய்ந்தது.

மனை.
நான்கு மூலையிலும் விளக்கு, நான்கு ஊரும் பங்கு போட்டு.
நான்கு கொடிகள், கம்பத்தில் உறைந்து
எந்த ஊருடையது என்று தெரியாதபடி.
மனிதக் காலடி ஒன்றும் இல்லை.
ஒரு நரி மட்டும் குறுக்கே நடந்துபோய்
நடுவில் நின்று பார்த்திருக்கிறது.
முதலீட்டாளர் அ.

சிரிப்பு வந்தது. ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை.
மூலைகளில் பின்வாங்கி, திரும்பி,
தார் தெரியும்வரை துடைத்தேன்.
நாளைக்கே யாராவது வந்து இறங்கினால்
ஷூ நனையக் கூடாது.

திரும்பும்போது மறுபடி விழத் தொடங்கியது.
மெதுவாக ஓட்டினேன்.
அரை சென்டிமீட்டர் விழ
எவ்வளவு நேரம் ஆகுமோ
அவ்வளவு மெதுவாக.