டோக்கன் பதினேழு

பாலக்கோடு சார்பதிவாளர் அலுவலகத்தில்
என் நாற்காலி வாசலைப் பார்த்தபடி.
பாதி ஊர்கள் அள்ளியில் முடியும் இந்தத் தாலுகாவில்
எந்த ஊர்க்காரர் படியேறினாலும்
எனக்கு முதலில் தெரிவது முழங்கால்.

நிலைப்படி வந்ததும் கை தானாகக் கீழே போகும்.
ஒரு சுண்டு. கணுக்கால் மறையும்.
கஞ்சி போட்ட துணி விழுகிற சத்தம்
அப்பளம் உடைகிற மாதிரி இருக்கும்.
அந்தச் சத்தம் யார் யாருக்கு என்று
வந்த முதல் மாதமே கணக்கெடுத்துவிட்டேன்.

பத்திர எழுத்தர் சென்றாயனுக்கு விழுகிறது.
கம்ப்யூட்டர் பையனுக்கு, மீசை இப்போதுதான், விழுகிறது.
டீ கொண்டுவந்தவரை அதிகாரி என்று நினைத்து
இறக்கிவிட்ட ஒருவர்
கிளாஸைப் பார்த்ததும் நெளிந்து
மறுபடி தூக்கிக் கட்டினார்.
என்னைப் பார்த்தால்,
"சார் இன்னும் வரலீங்களா?"
நான்தான் என்றதும்
கை மடிப்பு வரைக்கும் போகும்,
யோசிக்கும்,
சட்டைப் பையில் பேனா தேடும்.

கரை வேட்டிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.
அவர்கள் எங்கே இறக்குவார்கள் என்பது
அவர்கள் தலைமைக்குத்தான் தெரியும்.
திருமணம் பதிய வரும் வெல்க்ரோ வேட்டிகளையும்
விட்டுவிட்டேன்; பாவம்,
பிரிந்துவிடுமோ என்று
வரப்பில் பால்குடம் கொண்டுபோகிறவர்போல வருகிறார்கள்.

நானும் ஒன்றும் யோக்கியமில்லை.
மாவட்டப் பதிவாளர் ஆய்வுக்கு வந்த அன்று
என் கை முந்தானையை இழுத்து
மறு தோளையும் மூடியது.
என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தை மாதம், டோக்கன் பதினேழு.
முப்பத்திரண்டு சென்ட், கிணற்றில் கால் பாகம்.
விற்பவர் பச்சியப்பன், மடித்துக் கட்டியது மடித்தபடி.
வாங்குபவர் தீர்த்தன்.
ரோட்டிலேயே இறக்கிவிட்டு வந்த வேட்டி,
ஓரம் முழுக்கச் செம்மண்.
துண்டு கக்கத்தில்.
கூட மகன், ஓசூரில் ஃபவுண்டரி சூப்பர்வைசர்,
இன் பண்ணிய சட்டை, கறுப்பு ஷூ,
கம்பெனி அட்டையைக்கூடக் கழற்றாமல்.

பணம் முழுதும் வந்ததா?
கேட்டே ஆகவேண்டும், கேட்டேன்.
"வந்துருச்சு" என்றார் பச்சியப்பன்
சுவர்க் காலண்டரிடம்.
கேமரா முன் தீர்த்தன் உட்காரவில்லை.
நாற்காலி கிடக்கிறதே, உட்காருங்க என்றேன்.
பச்சியப்பனைப் பார்த்தார்,
நாற்காலியைப் பார்த்தார்,
நுனியில் பட்டும் படாமல் உட்கார்ந்தார்.

மகன் குனிந்தான்.
அப்பாவின் கக்கத்திலிருந்து துண்டை உருவினான்.
உதறியதில் ராகிப் பொட்டு இரண்டு
என் மேஜையில் வந்து விழுந்தது.
நீளவாக்கில் நான்காக மடித்து
இடது தோளில் வைத்தான்.
வைத்துவிட்டு, சுருக்கத்தை
உள்ளங்கையால் ஒருமுறை நீவினான்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.

"போட்டோக்குத் துண்ட எடுத்துருங்க பெரியவரே."
எந்த விதியில் என்று கேட்டேன் பையனை.
முகம் தெரிகிறதா? காது?
பிறகென்ன, எடு.

ஆவணத்தில் ஆட்கள் மார்பு வரைக்கும்தான்.
யார் இறக்கினார், யார் இறக்கவில்லை,
எந்த ஓரத்தில் எவ்வளவு செம்மண்,
எதுவும் வராது.
துண்டு வந்தது.
நீலக் கோடு, கொஞ்சம் கோணல்.
இனி யார் நகல் மனு போட்டாலும்
அதுவும் சேர்ந்தே வரும்.

பச்சியப்பன் வாசலில் ஒரு நொடி நின்றார்.
முதுகு என் பக்கம், கை மடிப்பில்.
அவிழ்க்கவா, இன்னும் இறுக்கவா என்று
நான் எட்டிப் பார்ப்பதற்குள்
பதினெட்டு உள்ளே வந்துவிட்டது:
மூன்று அண்ணன் தம்பிகள், பாகப்பிரிவினை,
ஆறு முழங்கால்.