தண்ணீர்க் காவல்

மாவு தீர்ந்த ஒன்பதாம் நாள்
மாவு பிசையும் என் செப்புத் தாம்பாளத்தைக் கேட்டு
கோட்டைத் தளபதி செம்பாத் ஆள் அனுப்பினான்.
"சும்மாதானே கிடக்கிறது" என்றான் வந்தவன்.
என் கல்யாணத்துக்கு வந்த ஒரே செம்பு அது.
தரமாட்டேன், வேண்டுமானால்
அதைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன் என்றேன்.

இப்படித்தான்
சிலீசிய மலைக்கோட்டையின் வடக்குக் கோபுரத்தடியில்,
நிலவறையில்,
தண்ணீருக்குக் காவல் உட்கார்ந்தேன்.

வேலை சுலபம்.
விளிம்புக்கு இரண்டு விரல் கீழே தண்ணீர்.
பக்கத்தில் விளக்கு.
மூச்சைத் திருப்பி விட வேண்டும்.
நடுங்கினால் சொல்ல வேண்டும்.

கவண் எறிந்த பாறை மதிலில் விழும்போது
தண்ணீர் மொத்தமாகத் துள்ளிச் சிந்தும்.
அதைச் சொல்ல வேண்டாம், அது ஊருக்கே கேட்கும்.
நான் பார்க்க வேண்டியது வேறு:
கொசுக்கால் பட்டதுபோல் ஒரு வளையம்
விளிம்பில் பிறந்து
நடுவுக்கு வந்து சாவது.

நாலாம் இரவு வந்தது.
மூன்று வளையம், ஓர் இடைவெளி.
மூன்று வளையம், ஓர் இடைவெளி.

இடைவெளியில் என்ன செய்வான்?
உள்ளங்கையில் துப்பிக்கொள்வானா,
கண்ணில் விழுந்த மண்ணைத் துடைப்பானா?
வாசாக் விறகு பிளக்கும்போது
இடைவெளியில் என்னைத் திட்டுவான்.
பனி உருகுமுன்பே மேற்கு மதிலில் விழுந்தான்.
அதற்குப் பிறகு என்னைத் திட்ட ஆளில்லை.

நண்பகலில் தண்ணீர் ஓய்ந்துவிடும்.
அவனுக்கு ரொட்டி வந்திருக்கும்.
எனக்குக் குதிரையெலும்பு வேகவைத்த சாறு.
என் சுவரைத் தின்பவன் மேல்
ரொட்டிக்காகப் பொறாமைப்பட்டேன்,
உள்ளதைச் சொல்கிறேன்.

தாம்பாளத்தை ஐந்தடி நகர்த்தினேன்.
பிறகு இன்னும் ஏழு.
வளையம் தடித்த இடத்தில் கரியால் கோடு போட்டேன்.
கடப்பாரைகளுக்குத் துணி சுற்றி
எங்கள் ஆட்கள் எதிர்ப்பக்கமிருந்து குடைந்தார்கள்.
ஆறாம் நாள், அந்தக் குழியின் முடிவில்,
கல்லில் காதை வைக்கச் சொன்னார்கள்.

தண்ணீரில் இல்லாதது கல்லில் இருந்தது.
குரல்.

மெக். யெர்கு. யெரெக்.

ஒன்று இரண்டு மூன்று.
நான் மாவு அளக்கும் எண்கள்.
என் மகள் நூனே படியேறும்போது
ஒவ்வொரு படிக்கும் சொல்லும் எண்கள்.
எந்த வெள்ளிச் சுரங்கத்திலிருந்து இழுத்து வந்தார்களோ,
என்ன கூலி பேசினார்களோ,
பேசவே இல்லையோ.
மூன்றில் நாக்கு கொஞ்சம் இழுத்தது.
ஏரிக்கரை ஊர்க்காரனாக இருப்பான்.
என் அம்மாவின் ஊரில் அப்படித்தான் இழுப்பார்கள்.

"என்ன கேட்கிறது?" செம்பாத்.
"தோண்டுகிறான்."
"எவ்வளவு தூரம்?"
"ஒரு முழம்."
மேற்கொண்டு அவன் கேட்கவில்லை.
நான் சொல்லவுமில்லை.

என்னை மேலே அனுப்பிவிட்டார்கள்.
ஈர வைக்கோல், கந்தகம், இறகு மூட்டை.
கோழிகள் தீர்ந்தும் இறகுகள் தீரவில்லை.
கொல்லன் துருத்தியை இரண்டு பேர்
மாறி மாறி மிதிக்கும் சத்தம் கேட்டது.
நான் படிக்கட்டில் உட்கார்ந்து
நூனேக்குப் பேன் பார்த்தேன்.
பதினேழு.

விளக்கு வைக்கும் நேரத்தில் கூப்பிட்டார்கள்.
தண்ணீரைப் பார்த்துச் சொல் என்றார்கள்.
அப்படி அசையாத தண்ணீரை
அதற்கு முன் நான் கண்டதில்லை.
சுடர் தலைகீழாக, முழுசாக, உள்ளே நின்றது.
மேலே மணி அடித்தார்கள்.
யாரோ என் தோளைத் தட்டினான்,
ஆணைத் தட்டுவதுபோல.

"கொட்டிவிடாதே, கிணறு பாதியாகிவிட்டது"
என்றான் செம்பாத்.
இரண்டு கையாலும் ஏந்தி முற்றத்துக்கு வந்து
மிஞ்சியிருந்த ஒரே கழுதையின் முன் வைத்தேன்.
அது மூக்கை இறக்கியது.
வளையங்கள் எழுந்தன.

நூனே குந்தி உட்கார்ந்து
விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தாள்.
மெக்.
யெர்கு.

அவள் வாயைப் பொத்தினேன்.