முன்பக்கம்

உடைப்பதற்கு முன் சுகெங்
சுவரைத் தட்டிப் பார்த்தான்,
தர்பூசணி வாங்குகிறவனைப் போல
காதை வைத்து.
'வீட்டைத் தாங்குகிற சுவர் இல்லை காக்,
சும்மா நிற்கிறது.'

ஜெலுத்தோங்கில் இந்த வீட்டின்
கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே
பதினொரு வருடமாகச் சும்மாதான் நின்றிருக்கிறது.
நான்தான் அதன்மேல்
என்னென்னவோ ஏற்றி வைத்திருந்தேன்.

எனக்கு இரவு ஷிஃப்ட், பாயான் லெப்பாஸில்.
விமலநாதனுக்குப் பகல், பட்டர்வொர்த்தில்.
காலை ஏழேகாலுக்குக் கேட் அருகே
சாவி கைமாறுகிற இரண்டு நிமிடம்:
காஸ் தீர்ந்துவிட்டது.
உன் மோட்டாருக்கு டயர் வழுக்கை.
பிறகு ஒரு நாள்,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே,
'சுவருக்குள்ளே மீன்தொட்டி வைக்கலாமா?'
வேறெதையோ கேட்கிறான் என்று நினைத்து
சரி என்றேன்.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம்,
உயரம் ஒன்றே முக்கால்.
முந்நூறு லிட்டர், முந்நூறு கிலோ என்று
மின்கட்டண உறையின் முதுகில் கணக்குப் போட்டான்.
கண்ணாடியின் எடை, மணலின் எடை, இரும்பின் எடை.
மீனின் எடையை யாரும் சேர்க்கவில்லை.

செங்கல் விழுந்தது.
தூசு அரிசி டின்னுக்குள் வரைக்கும் போனது.
உள்ளே ஓடிய வயரை வளைத்துவிட
தனியே நூற்றெண்பது ரிங்கிட்.
மேலே ஓர் இரும்புச் சட்டம்,
கீழே தரையில் ஊன்றிய நான்கு கால்கள்.
'தண்ணீரைச் சுவர் சுமக்காது காக்,
தரைதான் சுமக்கும்.'

வெளியில் ஒட்டிய தொட்டியின் சிலிக்கான் காய
இரண்டு நாள்.
அதுவரை சுவரில் வெறும் ஓட்டை.
சனிக்கிழமை, நான் படுக்கையில் பாதித் தூக்கத்தில்,
அந்த வழியாக ஒரு கை வந்தது
தேநீர்க் கோப்பையோடு.
மூன்றடி தள்ளிக் கதவு திறந்தே இருந்தது.
வாங்கிக் குடித்தேன்.
சீனி அதிகம். சொல்லவில்லை.

திங்கட்கிழமை கண்ணாடிக்காரர் கியான் ஹின்
தொட்டியை உள்ளே தள்ளிவிட்டுக் கேட்டார்:
'தெப்பான் மானா?'
முன்பக்கம் எது?
பின்பக்கத்தில் கருப்புத் தாள் ஒட்டி
குழாயையும் வடிகட்டியையும் மறைக்க வேண்டுமாம்.
'இந்தப் பக்கம்' என்றேன், படுக்கையறையிலிருந்து.
'இந்தப் பக்கம்' என்றான், கூடத்திலிருந்து.
கியான் ஹின் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
காப்பி குடிக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோதும் நாங்கள்
அதே இடத்தில்தான் நின்றோம்.
இரண்டும் முன்பக்கமென்றால்
ஒளிய இடமில்லாமல் மீன் பயந்தே சாகும் என்றார்.
விளிம்பு உடைந்த மீன்குழம்புச் சட்டியை
மணலில் கவிழ்த்து வைத்தோம்.
அதை உடைத்தது யார் என்பது
இன்னும் தீரவில்லை.

ஆறு ஏஞ்சல் மீன்கள்.
முதல் வாரத்தில் இரண்டு மிதந்தன.
நோய் இல்லை.
காலையில் அவன் போட்டிருக்கிறான்,
தெரியாமல் நானும் போட்டிருக்கிறேன்.
ஒருவர் மறந்திருப்பார் என்று
இருவரும் நினைத்ததில் செத்தவை.

அதற்குப் பிறகு அவன் கூடத்துக் கண்ணாடியில்
மெழுகுப் பென்சிலால் எழுதிவிட்டுப் போனான்:
தீனி போட்டாச்சு.
என் பக்கத்தில்
தண்ணீருக்கு அப்பால்
எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாக.
தலையணையில் கன்னத்தை வைத்தபடி
மீன்கள் விலகக் காத்திருந்து
ஒவ்வொன்றாய்த் திருப்பிப் போட்டு வாசிப்பேன்.
வாசித்து முடிப்பதற்குள் தூங்கிவிடுவேன்.

நேற்று எழுத்து நேராக இருந்தது.
எழுந்து கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன்.
அங்கே நின்றால்
எந்த ஊர் மொழியோ.
பலமுறை துடைத்த தடம்,
சோபாவில் ஒரு தாள்,
அதில் மூன்று விதமாய் 'தீனி'.

'போ'வின் கொம்பு மட்டும்
தப்பான பக்கம் திரும்பியிருந்தது.
அதன்மேல் ஒரு மீன் வந்து
வெகுநேரம் நின்றது.
பசியாக இருக்குமோ என்னவோ.
நான் போடவில்லை.